டூலாங்கி காட்டில் பார்த்தது பறக்கும் அணிலா? கிரேட்டர் கிளைடர் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி கேட்டவர் மெல்பர்னின் கிழக்குப் புறநகரில் குடும்பத்தோடு இருக்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஹீல்ஸ்வில் பக்கம் போனவர், டூலாங்கி காட்டு வழியாக இரவில் திரும்பியிருக்கிறார். வழியில் வண்டியை நிறுத்தி டார்ச் அடித்தபோது மரத்தின் உச்சியில் வெள்ளையாக இரண்டு கண்கள் மின்னியிருக்கின்றன. சற்று நேரத்தில் நீண்ட வாலுடன் ஏதோ ஒன்று அடுத்த மரத்துக்கு மிதந்து போயிருக்கிறது. வால்பாறையில் வேலை பார்த்த அப்பா அதைப் பறக்கும் அணில் என்று சொல்லிவிட்டாராம். அது என்ன, கடிக்குமா, நோய் வருமா, இன்னும் பெரிய டார்ச் வாங்கிக்கொண்டு மறுபடி போகலாமா, பழம் வைத்தால் கீழே இறங்கி வருமா என்று அடுக்கியிருக்கிறார். சுருக்கினால் இதுதான் கேள்வி: அதற்கும் நமக்கும் கெடுதல் இல்லாமல் அதை மறுபடி பார்க்க முடியுமா? முடியும். பெரிய டார்ச்சும் பழமும் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது புரிய அந்த விலங்கின் பிழைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. விலங்கியல் படித்தேன், சம்பளம் தருவது வேறு துறை. விக்டோரியாவின் மலைக்காடுகளில் நடக்கும் இரவுக் கணக்கெடுப்புகளுக்குப் பல ஆண்டுகளாகத் தன்னார்வலனாகப் போய்வருகிறேன். பிடிப்பதும் எடை பார்ப்பதும் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டுவதும் உரிமம் பெற்ற ஆய்வாளர்கள் செய்யும் வேலை. நான் தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவன்; மருத்துவனும் அல்ல. கீழே எழுதுவதை அந்த எல்லைக்குள் வைத்துப் படியுங்கள்.

நீங்கள் பார்த்தது ஏறக்குறைய நிச்சயமாகக் கிரேட்டர் கிளைடர். இன்னும் சரியாகச் சொன்னால் தெற்குக் கிரேட்டர் கிளைடர். கங்காருவையும் கோலாவையும் போல வயிற்றில் பை உள்ள பாலூட்டி அது. மெல்பர்ன் வீட்டுத் தோட்டங்களில் ஓடித் திரியும் பிரஷ்டெய்ல் பாஸம், ரிங்டெய்ல் பாஸம் இரண்டும் மிதக்காது. அவற்றின் கண்கள் டார்ச் வெளிச்சத்தில் செம்மையாக மின்னும். சுகர் கிளைடர் என்று பொதுவாக அழைக்கப்படும் சிறிய இனம் நூறு, நூற்றைம்பது கிராம்தான் இருக்கும். அதை உச்சிக்கிளையில் வைத்து நீண்ட வாலோடு அடையாளம் காண்பது கடினம். போட்டிக்கு மிஞ்சுவது மஞ்சள் வயிற்றுக் கிளைடர் ஒன்றுதான். அதுவும் பெரியது, நெடுந்தூரம் மிதப்பது. ஆனால் அது வாயாடி. கீச்சென்று தொடங்கிக் கரகரப்பாக முடியும் அதன் கூச்சல் அரைக் கிலோமீட்டர் தள்ளியும் கேட்கும். நீங்கள் சத்தம் எதையும் குறிப்பிடவில்லை. கண்ணின் பளீர் வெள்ளையைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். கிரேட்டர் கிளைடரின் கண் மின்னுவதை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை, அவ்வளவு பிரகாசம். ஆனாலும் கண் மின்னும் நிறத்தை மட்டும் வைத்து இனத்தைத் தீர்மானிப்பது ஆபத்தான பழக்கம். டார்ச்சின் கோணமும் விளக்கின் வகையும் மாறினால் நிறமும் மாறித் தெரியும். கண், வால், மிதந்த விதம், அமைதி நான்கும் சேர்ந்து ஒரே திசையைக் காட்டுவதால்தான் நான் துணிந்து சொல்கிறேன்.

உங்கள் தந்தையார் சொன்னதை ஒதுக்கிவிட வேண்டாம். ஆனைமலைப் பக்கத்தில் இருக்கும் பெரிய பறக்கும் அணிலும் இரவில்தான் இயங்கும், மரப்பொந்தில்தான் தூங்கும், உடலின் இருபுறமும் விரியும் தோலை வைத்துத்தான் மிதக்கும். தோற்றத்தில் அவர் கண்ட ஒற்றுமை உண்மையானது, உறவுதான் கிடையாது. பறக்கும் அணில் கொறிக்கும் விலங்கு. கிரேட்டர் கிளைடரின் நெருங்கிய சொந்தம் ரிங்டெய்ல் பாஸம் குடும்பம். இரண்டு பரம்பரைகளும் டைனோசர்கள் உலவிய காலத்திலேயே பிரிந்துவிட்டன. உயரமான மரங்களும் இடைவெளியும் இருந்த இடங்களில் தனித்தனியே ஒரே வித்தையைக் கற்றுக்கொண்டிருக்கின்றன. அடுத்த முறை அவரோடு போகும்போது ஒரு வித்தியாசத்தைக் காட்டுங்கள். பறக்கும் அணிலுக்கு மிதப்புத் தோல் மணிக்கட்டு வரை வரும், அங்கே அதை விரித்துப் பிடிக்க ஒரு குருத்தெலும்புக் குச்சியும் உண்டு. கிரேட்டர் கிளைடருக்குத் தோல் முழங்கையோடு நின்றுவிடும். அதனால் அது தாவும்போது முன்னங்கைகளை மடித்து, முழங்கைகளை வெளியே தள்ளி, உள்ளங்கைகளைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொள்கிறது. கீழிருந்து பார்த்தால் முன்பக்கம் குறுகிப் பின்பக்கம் அகன்ற முக்கோணமாகத் தெரியும். இப்படி ஒரே வீச்சில் 100 மீட்டர் வரை போகக்கூடியது. நடுவழியில் திசையும் திருப்பும்.

மிதக்காமல் கிளையில் உட்கார்ந்திருக்கும்போது பைனாகுலரில் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது காது. பெரியதாக, ஓரமெல்லாம் மயிர் அடர்ந்து, தலைக்குப் பொருந்தாத அளவில் இருக்கும். பிறகு வால். தலையும் உடலும் சேர்ந்து 35 முதல் 45 செ.மீ.; வால் மட்டும் 45 முதல் 60 செ.மீ. வரை நீளும். ரிங்டெய்ல் பாஸம்போல வாலால் கிளையைச் சுற்றிப் பிடிக்க இதற்கு வராது. வால் அப்படியே நேராகத் தொங்கும், காற்றில் ஆடும். எடை 900 கிராமிலிருந்து 1.7 கிலோ வரை. முதுகு கரும்பழுப்பாகவோ சாம்பலாகவோ இருக்கலாம், ஏறக்குறைய முழு வெள்ளையாகவும் இருக்கலாம். ஒரே காட்டில் அத்தனை நிறமும் உண்டு. வயிறு மட்டும் எப்போதும் வெளிர் நிறம். 1792இலேயே ராபர்ட் கெர் என்ற ஸ்காட்லாந்து எழுத்தாளர் இதற்கு அறிவியல் பெயர் வைத்துவிட்டார். நீண்ட காலம் கிழக்குக் கடற்கரை நெடுக ஒரே இனம் என்றுதான் எண்ணப்பட்டது. 2020இல் வெளியான மரபணு ஆய்வு, தெற்கு, நடு, வடக்கு என்று மூன்று இனங்கள் இருப்பதாகக் காட்டியது. பழைய புத்தகங்களில் உள்ள சில அளவுகள் மூன்றையும் கலந்தவை என்பதால் அவற்றைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வடக்கு இனம் உருவில் நன்றாகச் சிறியது.

இனி சாப்பாட்டுக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் பழக் கேள்விக்கும் டார்ச் கேள்விக்கும் விடை அங்கேதான் இருக்கிறது. கிரேட்டர் கிளைடர் தின்பது ஏறக்குறைய முழுக்க யூகலிப்டஸ் இலை. ஊட்டியில் நாம் காய்ச்சி எடுத்து மூக்கடைப்புக்குத் தடவிக்கொள்ளும் தைலம்தான் அதன் அன்றாடச் சோற்றில் ஊறிக் கிடக்கிறது. நார் அதிகம், புரதம் குறைவு, போதாததற்கு நச்சு எண்ணெய். இதை உண்டு பிழைக்க அதன் குடலில், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில், பெரிய பை ஒன்று உண்டு. நுண்ணுயிர்கள் அங்கே இலையைப் புளிக்கவைத்துச் சத்தைப் பிரிக்கின்றன. நச்சை முறிக்கக் கல்லீரல் ஓயாமல் உழைக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டும் கிடைக்கும் சக்தி சொற்பம். அதனால்தான் அது கோலாவைப் போல நெடுநேரம் அசையாமல் இருக்கிறது, சண்டைக்குப் போவதில்லை, ஒன்று முதல் நான்கு ஹெக்டேர் காட்டுக்குள்ளேயே வாழ்நாளைக் கழித்துவிடுகிறது. வரவும் செலவும் சரியாகப் பொருந்தி, மிச்சமே இல்லாமல் ஓடும் வாழ்க்கை. இரவில் அது தின்னும் நேரத்தில் நாம் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு கால் மணியும் அந்தக் கணக்கில்தான் கழியும்.

பழம் வைத்தால் வராது. வந்துவிட்டால் இன்னும் மோசம். இலைக்குப் பழகிய குடலுக்குச் சர்க்கரை ஏற்காது என்பது ஒன்று. தரையில் இது சரியாக நடக்க வராத விலங்கு. நரிக்கும் பூனைக்கும் எளிதாகச் சிக்கும் என்பது இன்னொன்று. விக்டோரியாவில் சிவப்பு நரி இல்லாத காடு அபூர்வம். பழம் வாடைக்கு பிரஷ்டெய்ல் பாஸம்தான் வரும், பிறகு உங்கள் காரைச் சுற்றியே குடும்பம் நடத்தும்.

அடுத்தது வீடு. கிரேட்டர் கிளைடர் பகலில் மரப்பொந்தில் தூங்கும். ஒரே பொந்தில் நிலையாக இருக்காது. தன் எல்லைக்குள் பல பொந்துகளை மாறி மாறிப் பயன்படுத்தும், சில விலங்குகள் பத்துக்கும் மேற்பட்டவற்றை. நம் ஊர்க் காடுகளில் மரங்கொத்தியும் குக்குறுவானும் துளை போட்டுக் கொடுக்கின்றன, மற்ற உயிர்கள் குடியேறுகின்றன. ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தியே கிடையாது. கிளை முறிந்து, அந்தக் காயத்தில் பூஞ்சை ஏறி, கரையான் தின்று, தீ குடைந்துதான் பொந்து உண்டாக வேண்டும். இவ்வளவு பெரிய விலங்கு நுழையும் பொந்துக்கு நூற்றாண்டுக்கு மேல் ஆகும்; பல மரங்களில் 150 ஆண்டும் தாண்டும்.

இப்போது டூலாங்கிக்குத் திரும்புங்கள். அங்கே நீங்கள் அண்ணாந்து பார்த்த மவுண்டன் ஆஷ் என்ற யூகலிப்டஸ் மரங்கள், உலகத்திலேயே மிக உயரமான பூக்கும் தாவர இனம். பார்த்தால் ஆதிகாலக் காடு என்று தோன்றும். ஆனால் விக்டோரியாவின் மத்திய மலைப்பகுதியில் ஆஷ் காட்டின் பெரும்பகுதி 1939 ஜனவரி 13 அன்று உச்சத்தைத் தொட்ட காட்டுத்தீக்குப் பிறகு முளைத்தது. அந்த மரங்களுக்கு வயது தொண்ணூறுகூட ஆகவில்லை. வானளாவ வளர்ந்துவிட்டன, பொந்து மட்டும் வரவில்லை. குடியிருக்க இடம் தருபவை 1939க்கு முந்திய கிழவர்கள்: உயிரோடு நிற்கும் ஒருசில பெருமரங்கள், எரிந்தும் விழாமல் வெள்ளை எலும்பாக நிற்கும் பட்டமரங்கள். பட்டமரங்கள் ஆண்டுதோறும் சாய்ந்துகொண்டே இருக்கின்றன. 2009 பிப்ரவரித் தீ டூலாங்கிக்கு அருகே உள்ள கிங்லேக் பகுதியைச் சுட்டெரித்தபோது இன்னும் கொஞ்சம் போயின. புதுப் பொந்துகள் உருவாகும் காலத்துக்கும் பழையவை விழுந்து தீரும் காலத்துக்கும் நடுவே பல பத்தாண்டுகள் பள்ளம் விழுகிறது. சூழலியலாளர் டேவிட் லிண்டன்மேயரின் குழு 1980களிலிருந்து இந்தக் காடுகளில் மரம் மரமாக எண்ணிப் பதிவு செய்துவருவது இந்தப் பள்ளத்தைத்தான். சுற்றுலா வந்தவர்கள் பட்டமரத்தைக் காட்டி, இதை ஏன் இன்னும் அப்புறப்படுத்தவில்லை என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த விளக்கத்தை முழுவதும் ஒப்பிக்க வேண்டியிருக்கிறது.

வேறு காட்டுக்குப் போய்க்கொள்ளட்டுமே என்று சிலர் கேட்பார்கள். நியூ சவுத் வேல்ஸில் டூமுட் அருகே 1960களில் பைன் மரம் நடுவதற்காக யூகலிப்டஸ் காட்டை வெட்டியபோது, விலங்கியலாளர் ஹியூ டிண்டேல்-பிஸ்கோ என்ன நடக்கிறது என்று பின்தொடர்ந்து பார்த்தார். கிளைடர்கள் பக்கத்துக் காட்டுக்குக் குடிபெயரவில்லை. தன் இடத்தை விட்டு நகராமல் பெரும்பாலானவை மாண்டன. சாப்பாட்டுக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்நிய எல்லைக்குள் நுழைந்து எந்த மரத்தின் இலை தின்னத்தக்கது, எங்கே பொந்து என்று தேடித் திரிய அதனிடம் சக்தி இல்லை.

வெப்பமும் அதற்கு எதிரி. உடலை மூடியிருக்கும் மயிர் அடர்த்தியானது, குளிருக்காகச் செய்தது. சுற்றுவட்டாரம் 20 டிகிரி செல்சியசைத் தாண்டினாலே உடலைக் குளிர்விக்கக் கூடுதல் சக்தியும் நீரும் செலவாகத் தொடங்கும். கைகால்களை நக்கி ஈரமாக்கிக்கொள்ளும். கோடை இரவுகள் சூடாகிவிட்டால் தின்பது குறைகிறது, இலையிலிருந்து கிடைக்கும் நீரும் அதோடு குறைகிறது. தாழ்வான, சூடான இடங்களில் கிளைடர்கள் மறைந்துவருவதையும் உயரமான குளிர்ந்த இடங்களில் தாக்குப்பிடிப்பதையும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் ஒவ்வோர் இடத்திலும் குற்றவாளி வெப்பம்தான் என்று சொல்வது அவசரம். சிட்னிக்குத் தெற்கே கடற்கரையில் ஜெர்விஸ் பே அருகே உள்ள பூடரீ தேசியப் பூங்காவில் 2000களில் கிளைடர்கள் முற்றாகக் காணாமல் போயின. காடு வெட்டப்படவில்லை, பாதுகாக்கப்பட்ட பூங்கா. வெப்பமா, தீயா, ஆந்தைகளா, வேறொன்றா என்று ஒற்றைக் காரணத்தை அங்கே நிறுவ முடியவில்லை. 2019–20 கோடைத் தீயில் வாழிடத்தின் பெரும் பரப்பு எரிந்த பிறகு, 2022 ஜூலையில் ஆஸ்திரேலிய அரசு தெற்கு இனத்தை அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் ஏற்றியது.

இரவில் டார்ச்சோடு நடக்கும் சாதாரண மக்களுக்கு இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. விக்டோரியாவில் சுற்றுச்சூழல் குழுக்கள் வெட்டப்படவிருந்த காட்டுத் துண்டுகளில் இரவில் நடந்து கிளைடர்களைப் பதிவு செய்து நீதிமன்றத்துக்குப் போயின. 2022 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம், வெட்டும் முன் அந்தப் பரப்பு முழுவதிலும் கிளைடர்களைத் தேடிப் பார்த்தாக வேண்டும் என்று அரசின் மரவெட்டு நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. 2024 ஜனவரி 1 முதல் மாநிலத்தின் அரசுக் காடுகளில் இயற்கைக் காட்டு மரவெட்டு வணிகமே நின்றுவிட்டது. செலவுக் கணக்கு, தீ, வழக்குகள் என்று அதற்குக் காரணங்கள் பல. கிளைடர் மட்டுமே சாதித்ததாகச் சொல்லிக்கொள்வது மிகை.

இப்போது பார்க்கும் முறை. டார்ச்சை இடுப்பில் பிடித்துக்கொண்டு மேலே அடித்தால் ஒன்றும் தெரியாது. விலங்கின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருக்கிறது; அது வந்த வழியே ஒளியைத் திருப்புகிறது. ஆகவே டார்ச் உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில், காதோரம் இருக்க வேண்டும். தலையில் மாட்டும் விளக்கு இதற்கு வசதி. மிதமான வெளிச்சமே போதும். கிளைகளின் ஊடே மெதுவாகத் தடவிக்கொண்டு போங்கள். கண் மின்னியதும் நேர் வெளிச்சத்தை விலக்கி, ஓரத்து மங்கல் ஒளியில் பைனாகுலரால் பாருங்கள். முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொள்வது நல்ல பழக்கம். சிவப்பு ஒளி அதற்குத் தெரியவே தெரியாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அதை நான் ஏற்பதில்லை. மங்கலாகத் தெரிகிறது, அதனால் தொந்தரவு குறைகிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்வதுதான் நியாயம்.

வெளிச்சம் பட்டதும் கிரேட்டர் கிளைடர் ஓடாது. அப்படியே உறைந்து நம்மையே பார்க்கும். பலர் இதைப் பழகிய குணம் என்று எண்ணிக்கொண்டு கால் மணி நேரம் டார்ச் அடித்துப் படம் எடுக்கிறார்கள். உண்மையில் அது தின்பதை நிறுத்திவிட்டது, கண்கூச்சத்தில் இருக்கிறது, இருட்டில் வரும் ஆபத்தை அந்த நேரத்தில் அதனால் பார்க்க முடியாது. அந்த ஆபத்துக்குப் பெயர் பவர்ஃபுல் ஆந்தை, ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய ஆந்தை. கிரேட்டர் கிளைடர் அதற்குப் பிடித்தமான இரை. பகலில் இரையின் மிச்சத்தைக் காலில் பற்றியபடியே ஆந்தை தூங்குவதைப் பார்க்கலாம். கீழே தொங்குவது பல நேரங்களில் கிளைடரின் வால்தான். கிளைடர் ஊமைபோல இருப்பதற்கும் இந்த ஆந்தைக்கும் தொடர்பு இருக்கலாம் என்பது பலரது ஊகம், நிறுவப்பட்ட செய்தி அல்ல. எப்படியானாலும் ஒரு விலங்கின்மேல் ஓரிரு நிமிடத்துக்கு மேல் வெளிச்சத்தை நிறுத்தாதீர்கள். ஃபிளாஷ் கூடாது. கைப்பேசியில் ஆந்தைக் குரலை ஓடவிட்டு எதையாவது அசைய வைக்கும் வேலை வேண்டவே வேண்டாம். பாதுகாக்கப்பட்ட விலங்கைத் தொந்தரவு செய்வது விக்டோரியாவின் 1975ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட.

டார்ச்சே இல்லாமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது, எனக்கு அதுதான் பிடித்தம். பகலிலேயே பொந்துள்ள பெரிய மரம் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். சூரியன் மறைந்ததும், மரத்துக்கு நேர் கீழே இல்லாமல் தள்ளி, உச்சிக்குப் பின்னால் வானம் தெரியும்படி நாற்காலி போட்டு உட்காருங்கள். வானத்தில் மிச்ச வெளிச்சம் இருக்கும்போதே, பொதுவாக முதல் ஒரு மணி நேரத்துக்குள், பொந்து வாயில் ஒரு தலை தெரியும். அது உடனே கிளம்பாது. தலையை வெளியே நீட்டிக்கொண்டு காத்திருக்கும், பிறகு முழுதாக வெளியேறி மரத்தில் ஏறும், மயிரைக் கோதிக்கொள்ளும், அதன் பின்புதான் முதல் மிதப்பு. கணக்கெடுப்பாளர்களும் இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள். பிள்ளைகளால் சத்தமில்லாமல் உட்கார முடியுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். பொந்தில் விலங்கு இல்லாமல் போகலாம். பல பொந்துகளில் மாறி மாறித் தங்குவதால் நேற்று இருந்தது இன்று இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

குட்டி பார்க்க ஆசை இருந்தால் பருவம் தெரிய வேண்டும். ஆண்டுக்கு ஒரே குட்டி, மார்ச் முதல் ஜூன் வரை பிறக்கும். மூன்று, நான்கு மாதம் பையில் இருந்துவிட்டு, பிறகு பொந்திலும் தாயின் முதுகிலுமாக வளரும். வசந்த காலத்திலும் கோடைத் தொடக்கத்திலும் முதுகில் குட்டியோடு தாயைப் பார்க்கலாம். அந்த நேரத்தில் கண்ணில் பட்டால் வெளிச்சத்தை உடனே அணைத்துவிடுங்கள். சுமையோடு அவசரமாகத் தாவ வைப்பது நல்லதல்ல.

இனி உங்கள் பாதுகாப்பு. காட்டில் இரவில் உங்களுக்கு உண்மையான ஆபத்து கிளைடரோ பாம்போ அல்ல, மேலிருந்து விழும் கிளை. யூகலிப்டஸ் எச்சரிக்கை இல்லாமல் கிளையை உதிர்க்கும். பட்டமரம் காற்றில்லாத நாளிலும் சாயும். பலத்த காற்று, நனைந்த மண் இரண்டும் சேர்ந்த இரவில் போகவே கூடாது. பெருமரத்துக்கு நேர் கீழே நாற்காலி போடாதீர்கள் என்று மேலே சொன்னதற்கும் இதுதான் காரணம். மூடுபனி இருந்தாலும் பயனில்லை, டார்ச் வெளிச்சம் வெள்ளைச் சுவராகத் திரும்பி வரும். கைப்பேசிக்குப் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். ஈரக் காட்டில் அட்டை உண்டு, வால்பாறை பார்த்த உங்கள் தந்தையாருக்கு அதைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. திரும்பும் வழியில் வாம்பேட்டும் வாலபியும் சாலையில் குறுக்கே வரும். வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். அரசுக் காடுகளில் பகலில் கடமான் (சாம்பார் மான்) வேட்டைக்கு அனுமதி உண்டு, விளக்கடித்து இரவு வேட்டையாடுவது சட்டவிரோதம். காட்டுச் சாலையில் டார்ச்சோடு அலையும் காரைப் பார்த்தால் உள்ளூர்க்காரர்கள் சந்தேகப்படுவார்கள். யாராவது வந்து கேட்டால் கோபப்படாமல் விவரம் சொல்லுங்கள். தேசியப் பூங்கா என்றால் இரவு நுழைவு விதிகளை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

கடிக்குமா என்றால், தானாக வந்து கடிக்காது. பிடித்தால் கடிக்கும், கூரிய நகத்தால் கிழிக்கும். பிடிக்க எந்தக் காரணமும் உங்களுக்கு இல்லை, ஒன்றைத் தவிர: முள்கம்பி வேலி. தாழ மிதந்து வரும்போது மிதப்புத் தோல் முள்கம்பியில் சிக்கிக்கொள்வது உண்டு. இழுத்து விடுவித்தால் தோல் கிழிந்து மேலும் நாசமாகும். துண்டால் மூடி, வைல்ட்லைஃப் விக்டோரியா போன்ற மீட்புச் சேவையை அழைத்துவிட்டுக் காத்திருங்கள். சிக்கியிருப்பது வௌவால் என்றால் மூடக்கூட வேண்டாம், அருகில் போகாமல் அழையுங்கள். ஆஸ்திரேலிய வௌவால்களில் ரேபிஸுக்கு நெருங்கிய லிசா வைரஸ் உண்டு. பாஸத்தால் நோய் வரும் என்று மெல்பர்னில் நீங்கள் கேள்விப்பட்டிருந்தால் அது புரூலி புண் என்ற தோல் நோயைப் பற்றியதாக இருக்கும். மார்னிங்டன், பெல்லரின் தீபகற்பங்களில் ரிங்டெய்ல், பிரஷ்டெய்ல் பாஸம்களில் அந்தக் கிருமி காணப்படுகிறது. மனிதர்களுக்குக் கொசு வழியாகப் பரவுகிறது. மரத்தின் உச்சியில் இருக்கும் கிளைடரைக் கீழிருந்து பார்ப்பதால் வருவது அல்ல. ஆறாத புண் எதுவானாலும் மருத்துவரிடம் காட்டுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

பெற்றோரோடும் பிள்ளைகளோடும் போக ஜூன், ஜூலை நல்ல மாதங்கள். ஐந்தே கால் மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் வீடு திரும்பலாம். பாம்புகள் அடங்கியிருக்கும். குளிர் மட்டும் எலும்பைத் தொடும், வயதானவர்களுக்குக் கம்பளியும் பிளாஸ்கில் சூடான காபியும் கட்டாயம். பௌர்ணமியைத் தவிர்த்துவிடுங்கள், நிலவொளியில் கண் மின்னுவதைக் கண்டுபிடிப்பது சிரமம். ஒன்றைப் பார்த்துவிட்டால் தேதி, நேரம், இடத்தின் ஆயத்தொலைவு, மரத்தின் வகை, உயிருள்ள மரமா பட்டமரமா, எத்தனை விலங்கு என்று குறித்துக்கொண்டு, மாநில அரசின் விக்டோரியன் பயோடைவர்சிட்டி அட்லஸ் பதிவேட்டில் சேருங்கள். முகநூலில் போடும்போது இடத்தைத் துல்லியமாகச் சொல்லாதீர்கள், அடுத்த வாரம் அதே மரத்தடியில் பத்து கார் நிற்கும். சந்தேகமான அடையாளத்தைச் சந்தேகம் என்றே எழுதுங்கள். படம் இருந்தால் இணைத்துவிடுங்கள், பரிசீலிப்பவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.